அண்ணாந்து பார்த்தால் மட்டும்

செத்தாலும் ஏணியில் ஏறுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். கூடத்து சீலிங்கில் சுண்ணாம்பு உதிர்கிறதென்று மனைவி பல நாளாக அண்ணாந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பாதி உதிர்ந்ததே அந்தக் காற்றில்தான்.

ஞாயிறு காலை அவள் ஏணியை இழுத்து வந்ததும் சோபாவில் சரிந்தேன்.

"அம்மாடி, தலை சுத்துது!"

அவள் பதறினாள். பதறியதோடு நின்றிருக்கலாம். ஒரே ஓட்டமாக மாடிவீட்டு டாக்டரம்மாவைக் கூட்டி வந்துவிட்டாள். டாக்டரம்மா கையில் பை. பைக்குள் ஊசி.

"எப்போ சார் சுத்துது?"

"அண்ணாந்து பார்த்தா."

"குனிஞ்சா?"

"குனிஞ்சாலும்!" தாராளமாகச் சொன்னேன்.

"உள்காதுல கோளாறு இருக்கலாம். படுக்க வெச்சு, தலையைத் தொங்கவிட்டு, சடார்னு திருப்பிப் பார்க்கணும்."

"ஐயோ, குனிஞ்சா ஒண்ணுமே இல்ல டாக்டர்!"

"நல்லதாப் போச்சு. தரை துடைச்சிடலாம்" என்றாள் மனைவி.

"படுத்து எழுந்தா?"

"லேசா..."

"ரத்த அழுத்தம் இறங்குதோ என்னவோ. நாள் முழுக்கக் கையில பட்டை கட்டிப் பார்க்கலாம். அப்பப்போ இறுக்கிப் பிடிக்கும்."

"சும்மா சொன்னேன். எழுந்தா நாள் பூரா நிப்பேன்!"

"அப்போ பாத்திரம் கழுவலாம்" என்றாள் மனைவி.

"பசி நேரத்துல? சர்க்கரை குறைஞ்சாலும் சுத்தும். ரத்தசோகையா இருந்தாலும் சுத்தும். ஒரு ஊசி குத்தி ரத்தம் எடுத்தா தெரிஞ்சிடும்."

பை திறந்தது.

"பசின்னா என்னன்னே எனக்குத் தெரியாது!"

"அப்போ துணியைத் துவைச்சிட்டு அப்புறமா சாப்பிடலாம்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "அண்ணாந்து பார்க்காதீங்க, ஏணி ஏறாதீங்க. மறுபடி சுத்தினா உடனே கூப்பிடுங்க" என்று எழுந்தார்.

ஜெயித்துவிட்டேன்! அந்தக் குஷியில் பாத்திரம் கழுவினேன். துணி துவைத்தேன். கூடத்தில் முட்டி போட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது, வாளியும் பிரஷ்ஷுமாக ஓர் ஆள் உள்ளே வந்து, என்னைத் தாண்டி, விறுவிறுவென ஏணியில் ஏறினார்.

"யாரு இது?"

"பெயிண்டர். நேத்தே வரச் சொல்லிட்டேன்."

"அப்போ இந்த ஏணி?"

"அவருக்குத்தான். உங்களை யாரு ஏறச் சொன்னா?" ஈரத்துணியைப் பிழிந்து என் கையில் கொடுத்தாள். "பெயிண்ட் வாசம் உங்களுக்கு ஆகாதேன்னு, சாயங்காலம் வரைக்கும் வெளியில சுத்திட்டு வரச் சொல்லத்தான் நினைச்சேன். நீங்கதான் வீட்டுக்குள்ளயே தலை சுத்துதுன்னுட்டீங்க."