ஹைட்ரோவுக்கு ஸ்பிரிங் வைத்த கதை

இனிமேல் என் ஊட்டு எவர்சில்வர் டம்ளர்கள் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. மண்ணரை மகுடேஸ்வரனாகிய நான் போன மாசம் எடுத்த மாபெரும் முடிவு இது.

ஊட்டுக்குக் கீழே ஹைட்ரோ ஓட்டுகிறேன். துவைத்த பனியனைப் போட்டால் கிறுகிறுவென்று சுற்றித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும் டிரம். அது ஓடும் வரைக்கும் மாடியில் சமையலறை டம்ளரெல்லாம் கிணுகிணுக்கும். நேரம் முடிந்து தானாக நின்றால் நான் துணியை மாற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் கிணுகிணுப்பு திரும்ப வராவிட்டால் என் ஊட்டுக்காரி ஜெயபாரதியின் குரல் வரும்.

"ஏனுங்க, பேக்கரிக்குப் போயிட்டீங்களா?"

போயிருப்பேன். முந்நூறு சர்க்கரையை வைத்துக்கொண்டு ஹனி கேக் தின்ன வேறு எங்கே போவது? கூடாதென்று டாக்டர் ஒரு தடவைதான் சொன்னார். இவள் தினமும் சொல்கிறாள்.

மெக்கானிக் பிரபாகரைக் கூப்பிட்டேன்.

"அடியில ஸ்பிரிங் வெச்சுட்டா, முழு வேகத்துல ஓடறப்ப ஆட்டம் தரைக்குப் போகாதுங்க. ஆனா நடுவுல ஒரு வேகம் இருக்குதுங்க; கிளம்பறப்ப சட்டுன்னு தாண்டிரும், நிக்கறப்ப மெதுவா இறங்கறதால அந்த வேகத்துல மிஷினும் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஆடுமுங்க. அதை அமுக்க டேம்பர் வேணுமுங்க."

"ரெண்டையும் வெச்சுரு கண்ணு. மேல யாருக்கும் எதுவும் கேக்கக் கூடாது."

மறுநாள் பொருளோடு வந்தவன், மாடிக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு இறங்கினான். "டேம்பர் ஸ்டாக் இல்லீங்க, அடுத்த வாரம்" என்று ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினான். ஒரு நொடி ஆட்டம்தானே, போகட்டும் என்று விட்டேன்.

அடுத்த நாள் காலையில் ஓட்டிவிட்டு மாடிக்குப் போனேன். டம்ளர்கள் தியானத்தில் இருந்தன. இவள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓடுதா நிக்குதான்னே தெரியலீங்க."

எனக்கு அப்படியே பறக்கலாம் போல இருந்தது. நேராகப் பேக்கரி. இரண்டாவது வாய் வைக்கும்போது போன் அடித்தது.

"மிஷின் நின்னுருச்சுங்க."

"ஓடுது அம்முணி. இப்பச் சத்தம் வராதில்ல?"

"நிக்கறப்ப ஊடே ஆடுச்சுங்க. டம்ளரெல்லாம் அலமாரியில இருந்து குதிச்சிருச்சு. முன்னயெல்லாம் நான் காது குடுத்துக் கேக்கோணும். இப்ப அதுவே கீழ வந்து சொல்லிப்போடுது. கேக்கை வெச்சுட்டு வாங்க."

வைத்தேன். மனசு கேட்கவில்லை. "அடுத்த வாரம் டேம்பர் வரட்டும், பாக்கலாம்" என்றேன்.

"அது நேத்தே வந்துருச்சுங்க. காப்பி குடுக்கறப்பவே பிரபாகர்கிட்ட விசாரிச்சு வாங்கி உங்க கட்டிலுக்கடியில வெச்சுட்டேன். ராத்திரி அதும்மேலதான் படுத்துத் தூங்குனீங்க."