மூன்று நாக்கு முள் வென்ற கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் நூற்று நாற்பத்தொரு பேனாக்களும் சௌக்கியம். அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது நீங்கள் திடமாக இருப்பது அவசியம்.

ஜெயித்துவிட்டேன் மச்சான்!

போன மாதம் எங்கள் சாப்பாட்டு அறையில் நடந்த பஞ்சாயத்து நினைவிருக்கும். "மூணு வருஷமா பேனா சங்கத்துப் போட்டியில அந்தப் பல் டாக்டர்தான் ஜெயிக்கிறார். இந்தத் தடவையும் அவரே ஜெயிச்சா, அலமாரியில இருக்கிற பேனா அத்தனையும் வெளியே போகணும். என் பீங்கான் தட்டெல்லாம் அட்டைப்பெட்டியில கிடக்கு. அண்ணா, நீதான் சாட்சி" என்று உங்கள் தங்கை சொல்ல, நீங்களும் யோசிக்காமல் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை.

போட்டி அபூர்வமான பேனா முள்ளுக்கு. நடுவர், கோர்ட்டில் கள்ளக் கையெழுத்து கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். அவர் கண்முன்னே எழுதிக் காட்ட வேண்டும். பல் டாக்டரிடம் இருப்பது நுனியைச் சாய்வாக வெட்டிய முள். என்னுடையதோ இசைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்காக அந்தக் காலத்தில் செய்தது. சாதாரண முள்ளுக்கு ஒரு பிளவு, இரண்டு நாக்கு. இதற்கு இரண்டு பிளவு, மூன்று நாக்கு. கீழே இழுத்தால் பட்டையாக விழும், பக்கவாட்டில் இழுத்தால் மயிரிழை. நில அளவை ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதிய கை என்னுடையது. இந்த முள்ளும் அந்தக் கையும் சேர்ந்தால் யார் நிற்க முடியும்?

ஆனால் போட்டியன்று காலை எட்டு மணிக்கு நான் ஒரு காரியம் செய்தேன். பேனாக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, மை நிரப்பியவுடன் கையில் அகப்பட்டதில் எட்டு போட்டுப் பார்ப்பது. நான் சுவரில் தொங்கிய காலண்டரில் போட்டேன். முதல் எட்டு பிரமாதம், இரண்டாவது எட்டு அதைவிடப் பிரமாதம், மூன்றாவது எட்டில் காலண்டர் ஆடியது, பேனா நழுவியது, தரையில் தலைகீழாகக் குத்தியது. நடு நாக்கு வானத்தைப் பார்த்து நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. உங்கள் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து முதல் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவ்வளவு சின்ன இடுக்கியும் பூதக்கண்ணாடியும் இந்த ஊரில் யாரிடம் இருக்கும்? மானத்தை விட்டு அந்தப் பல் டாக்டரிடமே ஓடினேன். அங்கே நாற்காலியில் ஒருவர் வாயில் பஞ்சோடு மல்லாந்திருந்தார். டாக்டர் அவரை எழுப்பி ஓரமாக உட்கார வைத்துவிட்டு, முள்ளை விளக்குக்குக் கீழே பிடித்தார்.

"எப்படி இப்படி ஆச்சு?"

"காலண்டர்ல எட்டு போட்டேன்."

"நிக்கிற காலண்டர்லயா?"

"தொங்குற காலண்டர்ல. இன்னிக்குத் தோத்தா வீட்ல என் பேனா அலமாரியே காலி, டாக்டர்."

டாக்டர் பேனாவோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கால் மணி நேரம். நானும் பஞ்சு மனிதரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. "சரியாயிடுச்சு" என்று நீட்டினார்; என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பொறாமை மச்சான், அப்பட்டமான பொறாமை!

நூலக மாடியில் கூட்டம். டாக்டர் ஒரு புதுப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். அதைத் திறக்கவே இல்லை. பழைய சாய்வு முள்ளிலேயே நாலு வரி எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பயந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. நான் எழுதினேன். முன்பெல்லாம் வளைவுகளில் லேசாகக் கீறும் முள், அன்று வெண்ணெயாக வழுக்கியது. அடிபட்ட பிறகு இன்னும் நன்றாக எழுதுகிறதென்றால் என்ன ஜாதகம் பாருங்கள்! நடுவர் எழுந்து நின்று கைகொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் கைதட்டியது அந்த டாக்டர்தான். வேறு வழியில்லை அவருக்கு.

கேடயம் இப்போது அலமாரியின் உச்சியில். தட்டுகள் மறுபடி பெட்டிக்குள். இனி யாருக்காவது தலையாட்டுமுன் இதை நினைவில் வையுங்கள். இந்தக் கடிதமும் அதே முள்ளால் எழுதியதுதான். எழுத்தின் அழகைக் கவனிக்கவும். அண்ணிக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் டாக்டரிடமிருந்து, பிடுங்கிய பல்லைப் போட்டுத் தரும் சின்னக் கவர் ஒன்று வந்தது. உள்ளே பஞ்சில் சுற்றி என் முள், நடு நாக்கு முறிந்து தனியாக. கூடவே ஒரு சீட்டு: "நிமிர்த்தும்போது உடஞ்சிடுச்சு. உங்க பேனாவில இருக்கிறது என்னோடது. போட்டிக்காக ரகசியமா வாங்கி வச்சிருந்தேன். உங்க அலமாரி காலியாயிட்டா நான் யாரோட போட்டி போடறது? வீட்ல சொல்லிடாதீங்க." மச்சான், மேலே பொறாமை என்று வரும் இடத்தையெல்லாம் அடித்துவிடுங்கள். தங்கையிடம் மூச்சு விடாதீர்கள். முள்ளை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன், இன்னும் ஒரே ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு.