நாற்காலி வக்கீல்

அரியலூர் கோர்ட்டுக்கு எதிர்சாரியில் ஆபீஸ் வைத்திருக்கும் நாற்காலி வக்கீலைப் போல இன்னொருவரை அந்தப் பெருமாளே நினைத்தாலும் படைக்க முடியாது! இந்த ஒருவரைச் சமாளிக்கவே அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டமும் திணறுகிறது.

அவர் ஆபீசில் இரண்டே நாற்காலிகள். நீலம் கட்சிக்காரருக்கு, சிவப்பு எதிராளிக்கு. எதிராளி எங்கே வரப்போகிறார்? அதனால் கட்சிக்காரரே சிவப்பில் மாறி உட்கார்ந்து, எதிராளியாகப் பேச வேண்டும். பேசினால்தான் கேசை எடுப்பார். அவர் மட்டும் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். கேட்டால், "உக்காந்தா தூக்கம் வருதுய்யா" என்பார்.

பெரம்பலூர் வெங்காய மண்டிக்காரர் ஒருவர் வந்தார். பிரிந்துபோன கூட்டாளி கடைப் பெயரைத் தர மறுக்கிறாராம், வழக்குப் போடணுமாம். சிவப்பில் உட்கார்ந்ததும் மனுஷன் கூட்டாளியாகவே ஆகிவிட்டார்! "அது எம் பொண்ணு பேருய்யா! ஒனக்கு என்னாய்யா உரிமை?" என்று காலி நீல நாற்காலியை அடிக்கவே பாய்ந்தார். பக்கத்து டீக்கடைக்காரர்தான் ஓடிவந்து பிடித்தார். மண்டிக்காரர் மூச்சு வாங்க, "வேணாம் சார், நான் வேற பேரு வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் அந்த நாள் வந்தது. அப்பா காலமானதும், செட்டிகுளத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை, ஒன்றரை ஏக்கர் புன்செய்க் கொல்லையில் பாதி கேட்டு நோட்டீஸ் விட்டாள். வந்த ஆத்திரத்தில், திருநீறுகூடப் பூசாமல் அரியலூருக்கு பஸ் ஏறினேன்.

"ஒரு அடி தரமாட்டேன் சார்! அவளுக்குத்தான் நகை போட்டாச்சே!"

"சரிங்க. செவப்புல உக்காருங்க. இப்ப நீங்கதான் தங்கச்சி."

"நான் ஆம்பளைங்க சார்."

"இங்க அதெல்லாம் பாக்கறதில்ல. பேசு தாயி!"

உட்கார்ந்தேன். எப்படித்தான் வந்ததோ! "ஏண்ணே, நகையப் பேசற? அப்பா எட்டு மாசம் படுத்துக் கெடந்தாரே, யாரு வூட்டுல? எங்கூரு மலைக்கோயில் மணி காதுல உழணும்னு சொன்னாரேன்னு, கட்டில ஜன்னலோரம் இழுத்துப் போட்டது யாரு? நீ பழத்த வெச்சுட்டு, அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஓடுனியே, ஞாவகம் இருக்கா?"

வக்கீல் கைதட்டினார்.

"பிரமாதம்! இப்ப நீலத்துக்கு வாங்க. அண்ணனா பதில் சொல்லுங்க."

நான் எழுந்திருக்கவில்லை. "இங்கயே இருந்துக்கறேன் சார்" என்றேன். சிவப்பில் இருந்தபடியே செட்டிகுளத்துக்குப் போன் போட்டேன்.

பாகப்பத்திரம் பதிந்த அன்று, தங்கையும் நானும் அவருக்கு ஒரு குஷன் நாற்காலி கொண்டுபோனோம். "உக்காருங்க சார், காலு எப்படி வீங்கிக் கெடக்கு பாருங்க!" என்று அவள் கெஞ்சினாள். தடவிப் பார்த்து, "ஜோரா இருக்கும்மா!" என்றார். மறுவாரம் நாங்கள் போனால் அதில் வேறு யாரோ! இவர் நிற்கிறார்.

"இந்தக் கேசுல எதிராளி ரெண்டு பேரும்மா. ஒரு நாக்காலி பத்தல."

இப்போது வெள்ளாமை வந்தால், அண்ணனும் தங்கையும் சேர்ந்தே கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போய், முதல் படி தானியத்தைப் பெருமாளுக்குச் செலுத்துகிறோம். அர்ச்சனைக்கு வீட்டார் பெயரையெல்லாம் சொல்லி முடித்ததும் தங்கை என்னைப் பார்ப்பாள். நான் கைகூப்பிச் சொல்வேன்: "அப்படியே அந்த வக்கீலு காலையும் பாத்துக்க, பெருமாளே."