தார்ப்வெல் அம்மையாரைத் தெரிந்தவர்கள்

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, தான் ஒரு வரிகூட வாசித்திராத ஒரு பிரித்தானிய நாவலாசிரியையின் வாழ்வையும் எழுத்தையும் பற்றிச் சிவனேசன் ஒரு மணி நேரம் பேசியாக வேண்டும். பிழை அவருடையதுதான்.

மனைவி போய் இரண்டு வருடம். மகள் பிறிஸ்பேனில். ஏவன்டேலில் உள்ள வீட்டில் பகல் முழுக்க ஃபிரிட்ஜின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அதனால் நூலகத்துக்குப் போய் உட்காரத் தொடங்கினார். மூன்றாம் நாள், அங்கே வேலை செய்யும் தனுஷா பக்கத்தில் வந்தாள்.

"அங்கிள், ஏதும் தேடுறியளோ?"

சும்மா இருக்க வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சுவரில் வாசகர் வட்டத்தின் நோட்டீஸ் தெரிந்தது. அதில் மார்ஜரி தார்ப்வெல் என்று ஒரு பெயர்.

"இவவின்ர கதையெண்டால் எனக்கு உயிர், பிள்ளை," என்றார்.

தனுஷா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு வட்டத்தில் அவர் பெயரைப் பதிந்துகொண்டாள்.

வட்டத்தில் அவரோடு சேர்த்து ஆறு பேர். முதல் நாளே எல்லாரும் நாவல்களைப் புகழ்ந்து தள்ளினார்கள். தன் முறை வந்தபோது சிவனேசனுக்குச் சொல்ல ஒரு நாவலும் இல்லை. லண்டனில் தார்ப்வெல் அம்மையாரின் பக்கத்து வீட்டில் இருந்ததாகச் சொல்லிச் சமாளித்தார். நாவல்களிலிருந்து தப்பியாயிற்று, வாழ்க்கையில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப அவங்க வீட்டுக்காரரயும் பாத்திருப்பீங்க?" என்று கேட்டார் சாந்தகுமாரி. மலேசியாவில் நர்ஸாக இருந்தவர். தொலைவிலுள்ள மனுகாவிலிருந்து இதற்காகவே ரயில் ஏறி வருபவர்.

கப்பலில் போன மனுஷன் திரும்பி வரவேயில்லை என்றார் சிவனேசன்.

"ஆமா, ரெண்டாவது நாவல்ல அதத்தான எழுதியிருக்காங்க."

வாய்க்கு வந்த பொய் நாவலிலும் இருந்ததில் சிவனேசன் திகைத்தார். அதற்குள் கிரகாம் என்ற வெள்ளைக்காரக் கிழவர் குறுக்கிட்டு, கணவர் பேக்கரிக்காரர், நான்காவது நாவலில் தெளிவாக இருக்கிறது என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், பக்கத்து வீட்டுக்காரரே அடுத்த வாரம் முழு வரலாற்றையும் சொல்லட்டும் என்று முடிவானது.

சிவனேசன் அம்மையாரின் பெயரைப் போனில் தேடினார். ஒன்றுமே வரவில்லை, எழுத்துக்கூட்டல் பிழையாக்கும் என்று தன்னையே நொந்துகொண்டார். நூலக அலுமாரியிலும் அவருடைய புத்தகம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள் என்று தனுஷா தலைநிமிராமல் சொன்னாள்.

வேறு வழி தெரியவில்லை. வியாழக்கிழமை எழுந்து நின்று, அம்மையார் போன கிழமை காலமாகிவிட்டார், பேச மனம் வரவில்லை என்றார். எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தார்.

ஒருவரும் அசையவில்லை. கிரகாம் தொப்பியைக் கழற்றினார். கடைசிக் காலத்தில் அம்மையார் எப்படி இருந்தார் என்று சாந்தகுமாரி மெதுவாகக் கேட்டார்.

சிவனேசன் ஏதோ சொல்லத் தொடங்கினார். தனியாளான பிறகும் அவர் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிவிடுவார். வீட்டில் ஒரு குரல் இருக்கட்டும் என்று ரேடியோவைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். பிள்ளை போன் எடுத்தால் சத்தமாகச் சிரித்துப் பேசுவார். வைத்த பிறகு போனைப் பார்த்தபடியே இருப்பார். யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாமல் ஒரு மணி நேரம் போயிருந்தது. நிமிர்ந்தபோது எல்லாருடைய கண்ணும் நனைந்திருந்தது.

அடுத்த வியாழக்கிழமை அஞ்சலிக் கூட்டம் என்று அங்கேயே தீர்மானித்தார்கள். சாந்தகுமாரி கறிபாப் பலகாரம் செய்து வருவார். கிரகாம் குடும்பத்துக்கு இரங்கல் கடிதம் எழுதுவார். முகவரிக்கும் படத்துக்கும் சிவனேசன் பொறுப்பு.

எல்லாரும் போனதும் அவர் தனுஷாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"பிள்ளை, நான் அவவைக் கண்டதுமில்லை, வாசிச்சதுமில்லை. செத்ததெண்டதும் பொய்."

தனுஷா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பிடியொரு ஆளே இல்லை, அங்கிள். நோட்டீஸ் எப்பிடி வருமெண்டு பாக்க நான் சும்மா போட்ட பெயர் அது, நோட்டீஸைக் கழட்ட முந்தி ஆறு பேரும் வாசிச்சனாங்கள் எண்டு வந்திட்டியள். இப்ப நீங்கள் அவவைச் சாகடிச்சுப்போட்டால், மற்ற அஞ்சு பேரும் வியாழக்கிழமையில எங்க போறது?"