சங்குப்பாட்டின் நூறு வீதம்

ஆபத்து வந்த பிறகு விழித்துக்கொள்வது உலக வழக்கம். ஆபத்து வருவதற்குப் பத்து மாதம் முன்பே கதிரை போட்டு, பிளேன்ரீயும் பிஸ்கற்றும் பரிமாறி, அதை எதிர்கொள்ளத் தீர்மானம் நிறைவேற்றிய ஊர் பூமியில் ஒன்றே ஒன்றுதான். மன்னார்த் தீவில், தாழ்வுபாட்டுக்குக் கொஞ்சம் அப்பால் இருக்கும் சங்குப்பாடு. அவ்வூரின் அனர்த்த ஆயத்தக் குழு வருடாந்தப் பயிற்சி இலக்கை அடைந்த வரலாறு பள்ளிப் புத்தகத்தில் வரவேண்டியது. வராதபடியால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

குழுவின் செயலாளர் மார்த்தா. கருவாடு காயப்போடுகிறவள். எழுத்து முத்து முத்தாக இருந்த குற்றத்துக்காகப் பதவி அவள் தலையில் விழுந்தது. அவளுக்கு அந்தக் குழுவில் ஒரே ஓர் ஆசைதான். வாசிகசாலை அலுமாரிக்குள் பன்னிரண்டு உயிர்காப்பு அங்கிகள், செம்மஞ்சள் நிறத்தில், உறை பிரிக்காமல் கிடந்தன. அவற்றில் ஒன்று தன் மனுசன் எட்வேட்டின் முதுகில் ஏற வேண்டும். எட்வேட் நல்ல நீச்சல்காரன். ஆனால் போன மாரியில் வள்ளம் கவிழ்ந்து அடிபட்டதிலிருந்து அவனுக்கு இடது தோள் உயராது. அவன் கடலில் இருக்கிற நேரமெல்லாம் மார்த்தா கருவாட்டை விட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

குறுக்கே நின்றது ஒரு விதி. "பயிற்சி பெற்றோருக்கே அங்கி." விதியை எழுதியவர் தலைவர் சிங்கராசா, ஓய்வுபெற்ற பிரதம லிகிதர். முப்பத்தைந்து வருடம் கந்தோர்க் கோப்புகளை அசையவிடாமல் காத்த மகான். அலுமாரிப் பூட்டின் திறப்பு அவருடைய சட்டைப் பையை விட்டு வெளியே வந்ததில்லை.

தை மாதம் இலக்கு வகுக்கும் கூட்டம் நடந்தது.

"இலக்கு எண்டால் அளக்கக்கூடியதாய் இருக்கவேணும்," என்றார் தலைவர். மூன்று நாள் செயலமர்வொன்றுக்குப் போய், இந்த ஒரு வசனத்தோடு திரும்பியிருந்தார்.

"பாகத்திலை அளக்கிறதோ, முழத்திலையோ?" என்று கேட்டார் நான்கு வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி லோறன்ஸ்.

"வீதத்திலை."

"நூறு வீதம் எண்டால் என்ன ஆழம் வரும்?"

கேள்வி அடுத்த கூட்டத்துக்கு விடப்பட்டது. ஐஸ் வியாபாரி வஸீர் எழுந்தார்.

"சேர், எல்லாரையும் ஒருக்காக் கடற்கரைக்குக் கூப்பிட்டு, அங்கியைப் போட்டுக் காட்டி, மணி அடிச்சா எங்க ஓடோணும் எண்டு சொன்னாக் காணாதா? அரை மணித்தியால வேலை."

தலைவர் கருணையோடு சிரித்தார். "வஸீர், நீங்கள் சொல்லுறது பயிற்சி. நாங்கள் கதைக்கிறது பயிற்சி இலக்கு. ரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது."

மூன்று மணித்தியாலம் குழப்பாமல் கதைத்தார்கள். கடைசியில் மார்த்தா தன் முத்து எழுத்தில் ஒரு வரி எழுதினாள்: "ஆண்டுக்கு நான்கு தடவை ஒத்திகை வைப்பது." தாள் நசீறாவின் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போய்த் தட்டச்சாகி வந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தேடாமலே கையெழுத்திட்டார், சீல் குத்தினார், லமினேற் செய்து வாசிகசாலைச் சுவரில் மாட்டினார். பிரதி ஒன்று மேலிடத்துக்குப் போனது. லமினேற் செய்த தாளை யாரும் வாசிப்பதில்லை. அதற்காகத்தானே லமினேற் செய்கிறார்கள்.

முதல் ஒத்திகை பங்குனியில் வைப்பதாயிருந்தது. அது தவக்காலம். ஊரில் பாதிப்பேர் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடக ஒத்திகையில் இருந்தார்கள். "ஒரு ஊரிலை ஒரே நேரத்திலை ரண்டு ஒத்திகை வைச்சால் சனம் எதுக்கு ஓடும்?" என்று தலைவர் தீர்க்கதரிசனத்தோடு கேட்டார். ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாவது ஆடியில். அன்று ஊரே மடுத் திருவிழாவுக்குப் போய்விட்டது. காப்பாற்றுவதற்கு ஆள் இல்லை. ஒத்திவைக்கப்பட்டது.

மூன்றாவது ஆவணியில். புயலுக்கான ஒத்திகை. எல்லாரும் கடற்கரைக்கு வந்தும்விட்டார்கள். சோளகக் காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது.

"சரியான காத்தாய்க் கிடக்கு," என்றார் தலைவர். "இந்தக் காத்துக்கை நிண்டு புயல் ஒத்திகை வைக்கிறது ஆபத்து. காத்தில்லாத நாளாய்ப் பாப்பம்."

கார்த்திகைக்கு மார்த்தா விடவில்லை. வீடு வீடாகப் போனாள். கோயில் மணி அடிக்க ஆள் பிடித்தாள். கடலில் விழுந்து மயங்கியவராக நடிக்க லோறன்ஸ் சம்மாட்டியே இணங்கினார், வாய்க்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு. வானொலி வேறு, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒத்திகைக்கு முதல் நாள் காலை, திறப்பு வாங்கப் போன மார்த்தா, தலைவர் மூக்குக்கண்ணாடியோடு சுவர் முன்னால் நிற்பதைக் கண்டாள்.

"பிள்ளை மார்த்தா, நாங்கள் இதுவரைக்கும் எத்தினை தரம் ஒத்திவைச்சிருக்கிறம்?"

"மூண்டு தரம், சேர்."

"ஒண்டு குறையுதே!" அவர் சுவர்த் தாளில் விரலை வைத்தார். "இலக்கு நாலெல்லோ!"

மார்த்தா கிட்டப் போய் வாசித்தாள். "ஆண்டுக்கு நான்கு தடவை ஒத்தி வைப்பது."

"ஐயோ சேர்! நான் ஒத்திகை எண்டுதானே எழுதினனான். நசீறா அடிக்கேக்கை கை விட்டுப்போச்சு!"

"கை விட்டுப்போயிருக்கலாம். கையெழுத்து இருக்கு. சீல் இருக்கு. லமினேற் பண்ணியாச்சு. லமினேற் பண்ணின பிறகு அது பிழையில்லை, பிள்ளை. கொள்கை."

"அப்ப எட்வேட்டின்ரை அங்கி?"

"முதலிலை இலக்கை அடைவம். நாளைக்கு நாங்கள் ஒத்திகை வைச்சால் எழுபத்தைஞ்சு வீதத்தோடை நிண்டுபோவம். மேலிடத்துக்கு என்ன முகத்தோடை அறிக்கை அனுப்பிறது?"

நான்காவது தடவை ஒத்திவைத்தபோது தலைவர் கண் கலங்கினார். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் அவர் எட்டாத நூறு வீதம் அது.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு வாடைக்காற்று வந்தது. அது எந்தக் கூட்டத்திலும் அனுமதி கேட்கவில்லை. வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு ஓடி வந்தன. எட்வேட்டின் வள்ளம் வரவில்லை. கோயில் மணி அடித்தது. அடித்த மணிக்கு எங்கே ஓடுவதென்று தெரியாமல் பாதிப்பேர் பூசையென்று நினைத்துக் கோயிலுக்குள் போனார்கள். மார்த்தா தலைவர் வீட்டுக்கு ஓடினாள். "இலக்கு நிறைவேற்ற அறிக்கை" கொடுக்க அவர் பஸ் ஏறிப் போயிருந்தார், திறப்பும் பையோடு போயிருந்தது. பூட்டிய அலுமாரியை அவள் இரண்டு கையாலும் அடித்தாள், அழுதாள், பிறகு கடற்கரைக்கு ஓடினாள்.

லோறன்ஸ் சம்மாட்டிதான் தன் வள்ளத்தைத் திருப்பிக் கொண்டுபோய்த் தேடினார். நாலு மணிபோல எட்வேட் அந்த வள்ளத்தில் கரை சேர்ந்தான். தன் வள்ளம் கவிழ்ந்ததும் ஒரு வெறும் மண்ணெண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்து நாலரை மணித்தியாலம் மிதந்திருந்தான். கானை அவனிடமிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"கையை விட்டிருந்தால் முடிஞ்சிருப்பன்," என்றான்.

மார்த்தா அவன் தலையைத் துவட்டினாள். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது, அதோடு கோபமும் வந்தது. "இந்த ஊரிலை கை விடாமல் வந்தது நீங்கள் ஒராள்தான்," என்றாள்.

மார்கழியில் நற்செய்தி கிடைத்தது. இலக்கை நூறு வீதம் அடைந்த ஒரே குழு சங்குப்பாடுதான். நற்சான்றிதழோடு ஓர் உத்தியோகத்தர் வந்திறங்கினார்.

"நாலும் குறிச்சபடி நடந்ததோ?" என்று வியந்தார்.

"ஒண்டும் பிசகேல்லை," என்றார் தலைவர் அடக்கத்தோடு.

படம் எடுக்க வேண்டும். படத்துக்கு ஓர் எடுப்பு வேண்டும். தலைவர் சட்டைப் பைக்குள் கைவிட்டுத் திறப்பை எடுத்தார். அலுமாரி முதன்முதலாகத் திறந்தது. பிரித்த உறைகள் காற்றில் பறக்க, குழுவினர் ஏழு பேரும் செம்மஞ்சள் அங்கி அணிந்து கடற்கரையில் வரிசையாக நின்று சிரித்தார்கள். வஸீரின் அங்கி வாரைத் தலைவரே இறுக்கிக் கட்டிவிட்டார். கொஞ்சம் தள்ளி எட்வேட் பழைய பெனியனோடு வலையைப் பழுதுபார்த்த வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

படம் எடுத்து முடிந்தது. மார்த்தா வரிசையை விட்டு விலகி, அங்கியோடு எட்வேட்டின் வள்ளத்தைப் பார்த்து நடந்தாள். வஸீர் தன் அங்கியை ஒருமுறை குனிந்து பார்த்தார், லோறன்சைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் அவள் பின்னால் நடந்தார்கள்.

"பிள்ளை மார்த்தா!" தலைவர் பதறினார். "அங்கியைக் கழட்டி அலுமாரிக்கை வையுங்கோ! பயிற்சி இல்லாத ஆக்களுக்குக் குடுக்கேலாது!"

மார்த்தா திரும்பிப் பார்த்தாள்.

"கழட்டிறதை ஒத்திவைச்சிருக்கிறன், சேர். இந்தக் குழுவிலை நாங்கள் எடுத்த பயிற்சி அது ஒண்டுதானே."