மாடியில் ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிற அளவுக்கு நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். சுகமில்லை என்றாலும் நீ சொல்லப்போவதில்லை. சின்னவனுக்குக் கை முறிந்தது, மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 'உனக்கு எதுக்கும்மா கவலைன்னு சொல்லல' என்றாய். அது கிடக்கட்டும். போனில் பேசாமல் அம்மா ஏன் பேனாவை எடுத்தாள் என்று நீ யோசிக்க வேண்டாம். மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, 'அம்மா, சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கே' என்று சொல்லிப் போனை வைத்தாய். அன்றோடு போனில் உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். கடிதமென்றால் வேண்டாத வரியை நீ தாண்டிப் போய்விடலாம், என் வாயை யாரும் மூட வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு நாள் உன் அப்பா கைக்கு உன் கடிதம் போய்ச் சேரவில்லை. உன்மேல் தப்பில்லை, நீ தினமும் காலையில் என் போனுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாய். அதைக் காகிதமாக்கிக் கொடுக்கிற பிரிண்டர்தான் படுத்துக்கொண்டது. நாற்பது வருஷம் பட்டறையில் இரும்படிச்ச சத்தத்தில் அவர் காது போன கதை உனக்குத் தெரியும். கண்ணும் மங்கின பிறகு போன் கண்ணாடியில் அவருக்கு வெறும் வெளிச்சம்தான் தெரியும். கட்டை விரல் அளவு எழுத்து, பக்கத்துக்குப் பத்து வரி, அப்படிக் காகிதத்தில் வந்தால் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். நான் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினால் சாப்பாடு, இரண்டு தட்டினால் குளியல். எங்கள் குடும்பம் நடப்பது இந்த மூன்று தட்டில்தான். வெளியிலிருந்து ஒரு மனுஷப் பேச்சு அவருக்குள் போகிறதென்றால் அது நீ எழுதுகிற பக்கம் ஒன்றுதான். (நான் அதைப் படிப்பதில்லை. பெரியவளுக்குக் கணக்கில் மார்க் குறைந்ததும், நீ பால்கனியில் வைத்த செடி காய்ந்ததும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.)

முதல் இரண்டு நாள் பிரிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டில் பாதியை வைத்தார். ஐந்தாம் நாள் என் புடவையைப் பிடித்து இழுத்து, 'பாப்பாவுக்கு என்மேல கோபமா?' என்று கேட்டார். இல்லை என்று கையை அழுத்தினேன். 'நான் சொன்னதை எதையாவது நீ தப்பா எழுதி அனுப்பிட்டியா?' என்றார். கோபத்தை வைத்துக் காப்பாற்றுகிற வேலை இந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் என்பதை அந்த மனுஷனுக்கு எத்தனை தட்டு தட்டி விளங்க வைப்பது, சொல்.

நின்று போன காரணத்தைக் கேள். இந்த வீட்டுக்கு மேலும் கீழும் சேர்த்து ஒரே இன்டர்நெட். கம்பி கீழ்வீட்டுக்குள்தான் நுழைகிறது, அதனால் வைஃபை பெட்டி உன் சித்தி வீட்டு முன்னறையில் இருக்கிறது. உன் சித்தப்பா இருந்த காலத்தில் வைத்த பெட்டி, அது விளக்கு அணைந்து செத்துப்போனதும் கம்பெனி ஆள் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டினவர் உன் சித்தி போனிலும், நான் கீழே அனுப்பி வைத்த என் போனிலும் என்னவோ தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், மாடியில் ஒரு பிரிண்டர் வாய் பிளந்து கிடக்கிறதே என்று அவரிடம் சொல்ல யாருமில்லை, ஏனென்றால் நான் கீழ்வீட்டுக்குள் போய் அப்போது பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. பிரிண்டர் பழைய பெட்டியின் பேரைச் சொல்லிக்கொண்டு அதையே தேடுகிறது. புதுசைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நாலாம் நாள் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், 'இது ரொம்பப் பழசும்மா' என்றார். நானும்தான் பழசு, வேலையைப் பாருங்கள் என்றேன். அவர் கீழே போனால் கதவு பூட்டியிருக்கிறது, உன் சித்தி முட்டிவலிக்கு டாக்டர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பாஸ்வேர்டு பெட்டியின் அடியில் ஒட்டியிருக்குமாம், பதினாறு எழுத்து. அதைப் பிரிண்டரின் சின்னக் கண்ணாடியில் மேல் அம்பு, கீழ் அம்பு அமுக்கி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி வைக்க வேண்டுமாம், ஒன்று தப்பினால் முதலிலிருந்து. அது வேண்டாம், வேறு வழி சொல்லுங்கள் என்றேன். 'பெட்டியில ஒரு பொத்தான் இருக்கு, பிரிண்டர்ல ஒரு பொத்தான் இருக்கு. அதை அமுக்கி ரெண்டு நிமிஷத்துக்குள்ள இதை அமுக்கணும். தானா சேர்ந்துக்கும். கீழ ஒருத்தர், மேல ஒருத்தர், ரெண்டு பேர் இருந்தாப் போதும்' என்று சொல்லிவிட்டுப் போனார். போதுமாம். இந்த வீட்டில் அந்த இரண்டு பேர் யார் என்று அவருக்கு என்ன தெரியும்.

உன் சித்தியோடு ஏன் பேச்சில்லை என்று உனக்கே நூறு தடவை சொல்லியிருக்கிறேன், நூற்றொன்றாவது தடவையும் கேள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் உன் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு பத்து. டாக்டர் வெளியே வந்து 'பேஷண்டோட மனைவி எங்கே' என்று கேட்டிருக்கிறார். இவள் எழுந்து, 'அக்கா தூங்குறாங்க' என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள். புருஷன் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது பெண்டாட்டி தூங்கினாள் என்று பேர். நான் கண்ணை மூடியிருந்தேன். தூங்கவில்லை.

பேச்சில்லை என்றால் சேதியே போகாது என்றில்லை. படிக்கட்டுக்கு அடியில் பச்சை வாளி ஒன்று கிடக்கும், தெரியுமல்லவா. சொல்ல வேண்டியதை அந்த வாளியைப் பார்த்துச் சொல்லிவிட்டு நான் மேலே வந்துவிட வேண்டும். நான் வந்து கதவைச் சாத்தின பிறகு அவள் வெளியே வந்து வாளிக்குப் பதில் சொல்லுவாள். ஒருத்தி நிற்கும்போது இன்னொருத்தி வரக்கூடாது. மோட்டார் போட, குப்பைக்காரர் வர, எல்லாவற்றுக்கும் பத்தொன்பது வருஷம் இது குறையில்லாமல் நடந்தது. இரண்டு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை எதுவும் அதுவரைக்கும் இந்த வீட்டில் வரவில்லை.

அதனால முதல்ல நானே தனியாப் பார்த்துடலாம்னு துணிஞ்சேன். அவ குளிக்கப் போற நேரம் எனக்குத் தெரியும், கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். திருடி மாதிரி உள்ள போனேன், உன் சித்தப்பா படம் என்னையே பார்த்துது, பொத்தானை அமுக்கினேன், ஓடி வந்து படியேறினேன். மொத்தம் இருபத்திரண்டு படி. பதினாலாவது படியில மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். மேல வந்து சேர்ந்து அமுக்கும்போது பிரிண்டர் விளக்கு கொஞ்ச நேரம் கண்ணடிச்சுட்டு அணைஞ்சுபோச்சு. அதோட விட்டாப் பரவாயில்லை, அவசரத்துல ஒத்தைச் செருப்பை அவ வாசல்லயே விட்டுட்டு வந்திருக்கேன். சாயங்காலம் கீழேருந்து குரல் கேக்குது, வாளிகிட்ட. 'யாரோ ரெண்டு செருப்புல வந்து ஒத்தைச் செருப்புல போயிருக்காங்க. பெட்டி வேணும்னா கேட்டுட்டு வந்தா யாரும் கடிச்சுத் திங்க மாட்டாங்க.'

அதுக்கப்புறம் வாளிகிட்ட நானும் விவரமாச் சொல்லிவச்சேன், நாளைக்குச் சரியாப் பத்து மணிக்குக் கீழ யாராவது பொத்தானை அமுக்கினா மேல ஒரு கிழவர் சாப்பிடுவார்னு. மறுநாள் பத்து மணிக்கு அமுக்கினேன், ஒண்ணும் நடக்கலை. அவ வீட்டுக் கடிகாரம் ஏழு நிமிஷம் வேகம். உன் சித்தப்பாவைச் சீக்கிரம் வேலைக்குக் கிளப்ப அந்தக் காலத்துல அவளே திருப்பி வச்சது, ஆள் போனப்புறமும் மாத்தலை. யார் கடிகாரம் சரின்னு வாளியை நடுவுல வச்சு ரெண்டு நாள் வழக்கு நடந்துது. அப்புறம் என் கடிகாரத்தை எடுத்துட்டுப் போய் வாளிக்குள்ளயே வச்சுட்டு வந்தேன், அவ எடுத்துக்கிட்டா. போன்ல ஓடுற மணியை நான் நம்பறதில்லை, அதனால இப்ப என்கிட்ட மணி பார்க்க ஒண்ணுமில்லை. அன்னிக்கு நான் எப்ப அமுக்கினேன்னு எனக்கே தெரியாது.

பதினோராம் நாள் அவளுக்கும் பொறுமை போச்சு. எந்தப் பொத்தான்னு சரியாச் சொல்லலைன்னு நினைச்சுக்கிட்டு, பெட்டிக்குப் பின்னாடி ஊசி நுழையற மாதிரி ஒரு ஓட்டை இருக்காம், அதுல கொண்டை ஊசியை விட்டு அமுக்கிட்டா. பெட்டி பிறந்த மேனிக்குத் திரும்பிடுச்சு. கம்பெனி ஆள் வச்சுட்டுப் போன பேர், பாஸ்வேர்டு எல்லாம் போயி, என் போன்ல நெட்டு நின்னுது, அவ போன்லயும் நின்னுது. வெளிநாட்டுல இருக்கிற அவ பையன் தினமும் முகத்தைக் காட்டிப் பேசுவானே, அதுவும் நின்னுது. கடைக்காரருக்குப் போன் போட்டு அவளே கேட்டு, அடியில ஒட்டின காகிதத்தைப் பார்த்து ரெண்டு போனையும் சரி பண்ணிட்டா. என் போனை வாங்கிக்க மேல வந்தாளான்னு கேக்காதே. அதுவும் வாளி வழியாத்தான் போயிட்டு வந்துது.

பன்னிரண்டாம் நாள், அதாவது நேத்திக்கு, படிக்கட்டு அடியில நின்னு கூப்பிட்டா. 'அக்கா.' கதவைத் திறக்காம நின்னு கேட்டேன். 'அக்கா, ஒரு நாள் என் பையன் முகத்தைப் பார்க்கலைன்னா எனக்குச் சோறு இறங்கலை. மாமா பன்னிரண்டு நாளா எப்படி இருக்காரு? நான் பெட்டிகிட்ட நிக்கிறேன். நீங்க மெஷின்கிட்ட நில்லுங்க. அமுக்கினதும் கத்துறேன்.' முதல்ல பேசினது அவதான், இதை நீ எங்கயாவது குறிச்சு வச்சுக்கோ. நான் போய் நின்னேன். 'அக்கா, அமுக்கிட்டேன்'னு ஒரு சத்தம், பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும். அமுக்கினேன். நீல விளக்கு கண்ணடிச்சுது, கண்ணடிச்சுது, நின்னு எரிஞ்சுது. உள்ள என்னவோ உருண்டு, காகிதத்தை ஒரு இழு இழுத்துது. பலகை அதிர்ந்ததுல உன் அப்பா நாற்காலியோட திரும்பினார்.

அவ மேல வந்தா. முட்டியைப் பிடிச்சுக்கிட்டே இருபத்திரண்டு படி. தண்ணி கொடுத்தேன். உட்கார்ந்ததும் கேட்டேன், 'அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னே?'ன்னு. அவளுக்கு எந்த அன்னிக்குன்னே புரியலை. நாள், கிழமை, நேரம் சொன்னேன். 'ரெண்டு ராத்திரி நீங்க கண்ணு மூடலைக்கா. டாக்டர் எழுப்பச் சொன்னாரு. நான்தான் தூங்கட்டும், என்கிட்டச் சொல்லுங்கன்னேன். அதுக்கா?' அதுக்குத்தான்னேன். முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிப்பு முடியறதுக்குள்ள அழுகை வந்துடுச்சு. 'அவர் போனப்ப அழக்கூட ஆள் இல்லாம வாளிகிட்டல்ல அழுதேன்'னா. அன்னிக்கு நான் மாடிப்படியில உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், கீழ இறங்கலை. அதை அவகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை. நான் தூங்கலைங்கிறதுல இப்பவும் மாத்தமில்லை.

உன் பன்னிரண்டு நாள் கடிதமும் வரிசையாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றாக எடுத்து விரலை வைத்து நிதானமாகப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், பை தாங்காமல் பிதுங்குகிறது. 'பாப்பாவுக்குக் கோபமில்லை'ன்னு எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். ராத்திரி தட்டைக் காலி பண்ணினார்.

ஆகவே நீ லீவு கேட்டுக்கொண்டு ஆபீசில் யார் முன்னாலும் நிற்க வேண்டாம். பிள்ளைகள் படிப்பைக் கெடுத்துக்கொண்டு இங்கே ஓடி வர வேண்டாம். நாங்கள் பார்த்துக்கொள்வோம். எழுத்தை மட்டும் சுருக்காமல் அனுப்பு, தினமும் அனுப்பு. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு, என்னை அவர் விசாரிக்காவிட்டாலும். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் உயரமாக வளரட்டும். உனக்கு என் கோபம் கழித்து மீதியெல்லாம் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. உறையை ஒட்டினதைப் பிரிச்சு இதை எழுதறேன். இன்னிக்குக் காலையில உன் சித்தி மறுபடி மேல வந்தா. அப்பா ஜன்னல்கிட்ட உட்கார்ந்து படிச்சுக்கிட்டிருந்தார். அவ கொஞ்ச நேரம் பார்த்துட்டு, 'அக்கா, மாமா கையில இருக்கிறது பாப்பா கடிதம் இல்லை'ன்னா. பொத்தான் சேர்ந்ததும் மெஷின் தானா ஒரு காகிதம் துப்பியிருக்கு, வெறும் கட்டமும் கோடும் நம்பரும். அதைத்தான் விரல் வச்சு வரி வரியாப் படிச்சுச் சிரிச்சுக்கிட்டிருக்கார், அதுவும் தலைகீழா. வாங்கிக்கிட்டு உன் கடிதத்தைக் கொடுத்தேன். அதையும் அதே மாதிரி, அதே சிரிப்பு. இந்த வீட்டுல நாற்காலி கட்டில் எதுவும் முப்பது வருஷமா இடம் மாறலை, அதனால தட்டுத் தடுமாறாம நடக்கிறார், பக்கத்துலயே இருந்து நான் பார்க்கலை. எப்பலேருந்து உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு ஒரு பெரிய காகிதத்துல உள்ளங்கை அளவு எழுத்துல எழுதி அவர் கையில கொடுத்தேன். நிதானமாப் படிச்சார், சிரிச்சார், மடிச்சுப் பையில வச்சுக்கிட்டார். நீ கிளம்பி வா.