என் திருவலையை நானே வாங்கிய நாள்

தான் செய்த பொருளைத் தானே நல்லதென்று சொல்வதைப்போலக் கூச்சமான வேலை வேறில்லை. முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவனுக்கு அது இன்னும் கஷ்டம். பிழை பிடித்துத்தான் பழக்கம்.

ஓய்வு பெற்றபின் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்டில் ஒரு திருவலை செய்தேன். மேசை விளிம்பில் பூட்டி, நின்றபடியே தேங்காய் திருவலாம். முடிந்ததும் மடித்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடலாம். ஒன்று சரிவந்ததும் கை நிற்கவில்லை. பதினெட்டுச் செய்துவிட்டேன். (அப்போது எனக்கு அறுபத்திரண்டு. இளம் வயது, அறிவு குறைவு.)

மனைவி தீர்ப்புச் சொன்னாள். கோயில் மண்டபத்துச் சந்தையில் ஒரு மேசை எடுத்திருக்கிறாள். அன்றைக்கு இவை விலைப்படாவிட்டால் என் துளைபோடும் மெசின் வெளியே போகும், அந்த மூலைக்கு அவளுடைய தையல் மெசின் வரும். வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த மூலை ஒன்றுதான்.

சந்தையில் முதல் மணித்தியாலத்தில் நாற்பத்திரண்டு பேர் கடந்துபோனார்கள். ஏழு பேர் நின்றார்கள். ஒரு அம்மா நல்லதோ என்று கேட்டார். பல் கொஞ்சம் கூர், பூட்டும் கொஞ்சம் இறுக்கம் என்றேன். அவர் மோர்மிளகாய் வாங்கப் போய்விட்டார். உங்களுக்கு வாய் எதற்கு என்று கேட்டுவிட்டு மனைவி தேத்தண்ணி எடுக்கப் போனாள்.

அப்போதுதான் வாசலில் ரவீந்திரன் தெரிந்தான். ஊரில் என்னிடம் படித்தவன், என் மனைவியைத் தெரியாது. இப்போது ரூஜ் பக்கம் பெரிய வீடு. கணக்கு வாத்தியார் கடை விரித்திருப்பதைக் காணப்போகிறானே! மேசையைச் சுற்றி முன்பக்கம் ஓடிவந்து, ஒரு திருவலையைத் தூக்கி, வாங்க வந்தவனைப்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சேர், நீங்களும் இங்கையோ? உது என்ன?"

"தெரியேல்லை. பாத்துக்கொண்டு நிக்கிறன்."

தேத்தண்ணியோடு வந்த மனைவி என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மேசைக்குப் பின்னால் போய் நின்று சொன்னாள்:

"வாங்கோ அண்ணை. என்ன பாக்கிறீங்கள்?"

முப்பத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் முதல்முறை அண்ணை.

"நல்லதோ சேர்?" என்றான் ரவீந்திரன்.

வேறு யாரோ செய்த பொருள் என்ற துணிவில் வாய் திறந்துகொண்டது. பல்லின் சரிவு, பிடியின் வளைவு, இடுப்பு நோகாது, நிலத்தில் இருந்து எழும்பும் வேலை இல்லை. மனைவி நீட்டிய பாதித் தேங்காயைத் திருவியும் காட்டினேன். மோர்மிளகாய் அம்மா திரும்பி வந்தார். ரவீந்திரன் ஒன்று, அவர் ஒன்று என்று பன்னிரண்டு போனது. நடிப்புக் கெடக்கூடாதென்று நானும் காசு கொடுத்து ஒன்று வாங்கினேன். (மிச்சக் காசு இன்னும் வரவில்லை.)

"செய்தவர் சரியான கெட்டிக்காரன்," என்றான் ரவீந்திரன். "ஆர் அன்ரி அவர்?"

"உந்த அண்ணைதான்," என்றாள் அவள். "என்ரை மனுசன்."

நான் தேங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரவீந்திரன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் உதட்டைக் கடிப்பான்.

"அப்ப இன்னுமொண்டு தாங்கோ சேர். உங்கட கையாலை."

மூலை தப்பியது. நான் வாங்கிய திருவலை இன்றும் எங்கள் கிச்சினில் பூட்டியிருக்கிறது. இப்போது மேசைக்குப் பின்னால் நின்றே விற்கிறேன். நாக்கு ஒட்டிக்கொண்டால், "முன்னுக்கு வாங்கோ அண்ணை," என்று அவள் மெதுவாகச் சொல்வாள். மார்க்கம் நகரில் மகள் வீட்டில் இருக்கும் மூன்று பேரப்பிள்ளைகளும் என்னை அம்மப்பா என்று கூப்பிடுவதில்லை, அண்ணைதான். கடைசிப் பேத்திக்கு நாலு வயது. போன் எடுத்தால் முதல் கேள்வி அதுதான்: "அண்ணை, என்ன பாக்கிறீங்கள்?"